முதலில் கண்ணைக் காட்டுங்கள்

“வயசானா அப்படித்தான்.” இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டிக்குப் பேரனை அடையாளம் தெரியவில்லை என்றால் உடனே மறதி நோய் என்று வீட்டிலேயே தீர்ப்பு. கண்ணில் புரை முற்றியிருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

டிமென்ஷியா சோதனையிலேயே எழுதியிருப்பதைப் படி, படத்தைப் பார்த்து வரை என்றெல்லாம் உண்டு. புரை மூடிய கண்ணுக்கு மார்க் குறையாமல் என்ன செய்யும்?

இது மட்டுமல்ல. சரிசெய்யாத பார்வைக் குறைவே டிமென்ஷியாவுக்கு ஒரு காரணம் என்று 2024-ல் லான்செட் குழு தன் 14 காரணங்களில் சேர்த்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில் 3,000-க்கு மேற்பட்ட முதியவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. திடமாக இருப்பவர்கள்தானே ஆபரேஷனுக்கே போவார்கள் என்று சிலர் வாதாடலாம். வாதாடட்டும், பார்வை கிடைப்பது நஷ்டமா?

விழித்திரையைப் படமெடுத்து மறதியை முன்கூட்டியே அறியும் ஆராய்ச்சியும் நடக்கிறது. வரட்டும், நல்லதுதான். அதுவரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் புரை ஆபரேஷன் இலவசம். “இந்த வயசுல எதுக்கு” என்று தடுக்கும் பிள்ளைகளே, அம்மாவின் சர்க்கரையைப் பார்த்துவிட்டு இந்த மாதமே அழைத்துப் போங்கள்.