வாயில்லா ஜீவனுக்கு ஏடுதான் சாட்சி

1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு காய்ச்சல் கண்டது. 1999 தொடக்கத்தில் அது நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளை உலுக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு மட்டும் நிற்கவில்லை. மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை புலப்பட்டது. அதுதான் நிப்பா.

மலேசியாவில் 265 பேரைத் தாக்கிய அந்த நோய், 105 உயிர்களைப் பறித்தது. சிங்கப்பூரில் பன்றி அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அதன் பின்கதை. சேமிப்பில் இருந்த பழைய பன்றித் திசு மாதிரிகளை ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 1996 முதலே இதே வைரஸ் தீபகற்ப மலேசியாவில் பன்றிகளைக் கொன்றுவந்தது தெரிந்தது. வழக்கமான பன்றி நோய்களைப் போலவே அறிகுறிகள் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். குவீன்ஸ்லாந்தின் மக்காய் நகரருகே 1994 ஆகஸ்டில் இரண்டு குதிரைகள் செத்தன. அவற்றின் பிரேதப் பரிசோதனைக்கு உதவியவர் 1995 அக்டோபரில் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார். எடுத்து வைத்திருந்த குதிரைத் திசுக்களைச் சோதித்தபோது, காரணம் ஹெண்ட்ரா வைரஸ் என்று தெரிந்தது. நிப்பாவுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ் அது.

திசுவை மட்டும் சேமித்தால் போதாது. எந்தப் பண்ணை, எந்தத் தேதி, விலங்குக்கு என்ன வயது, என்ன அறிகுறி என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும். அந்தச் சீட்டு தொலைந்தால் மாதிரி வெறும் கண்ணாடித் துண்டுதான். மனிதன் தன் நோயைத் தானே சொல்வான். பிள்ளைகளும் நினைவில் வைத்திருப்பார்கள். மாட்டுக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை. மருத்துவர் எழுதியதுதான் அவற்றின் வாக்குமூலம்.

நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் காகிதத்துக்குப் பகை. கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கிளினிக் மூடினால் நோயாளிப் பதிவேடுகள் பழைய பேப்பர் லாரியில் ஏறிவிடுகின்றன. கணினியில் இருந்தாலும் மென்பொருள் மாறும்போது திறக்க முடியாமல் போகலாம்.

உங்கள் குடும்பத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரோ உதவியாளரோ இருந்தால், அவருடைய குறிப்பேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஊரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பிறகு ஒரு பல்கலைக்கழக நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் மாடு வளர்த்த பாட்டி இருந்தால், எந்த நோய்க்கு என்ன கொடுத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பூனையின் தடுப்பூசி அட்டையைக்கூடப் பத்திரப்படுத்துங்கள்.

நிப்பாவின் இயற்கை இருப்பிடமான பழந்தின்னி வௌவால்கள் இன்றும் நம் மரங்களில்தான் தொங்குகின்றன. அடுத்த முறை ஒரு பண்ணையில் விலங்குகள் காரணம் தெரியாமல் சாகும்போது, இது முன்பும் நடந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் சொல்ல ஏடு இருக்க வேண்டும்.