ஆறாவது நாள் கூலி எங்கே?

தோழர்களே! இந்தக் காட்சியைச் சற்று மனக்கண்ணில் பாருங்கள்.

ஐந்து நாள் பயிற்சி முடிந்துவிட்டது. மேடை போட்டாயிற்று. பொன்னாடை, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. நாற்பது வருஷமாக மண் பிசைந்து பானை வனைந்த ஒரு கிழவரின் கையில், "இவருக்குப் பானை வனையத் தெரியும்" என்று ஒரு சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கிறார்கள். கை தட்டுகிறார்கள். கார்கள் புறப்பட்டுப் போகின்றன. கிழவர் வீடு வந்து சேருகிறார். மறுநாள் பொழுது விடிகிறது. அடுப்பில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்று வீட்டுக்காரி பானையைத் துழாவுகிறாள்.

அந்த ஆறாவது நாளைப் பற்றித்தான் நாம் கேட்கிறோம். ஐந்து நாளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆறாவது நாளைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?

நாம் காற்றில் கத்தி வீசவில்லை. 2023 செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் 'விஸ்வகர்மா' திட்டத்தை ஆரம்பித்து வைத்தது. 2027-28 வரை ஐந்து வருஷத்துக்கு 13,000 கோடி ரூபாய் என்று அறிவித்தது. தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், கூடை பாய் முடைபவர், வலை பின்னுபவர், சலவைத் தொழிலாளி, முடி திருத்துபவர் என்று 18 தொழில்கள். ஐந்திலிருந்து ஏழு நாள், அதாவது 40 மணி நேரம், அடிப்படைப் பயிற்சி. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித் தொகை. கருவி வாங்க 15,000 ரூபாய். பிறகு 5 சதவிகித வட்டிக்கு 1 லட்சம் கடன், அதை 18 மாதத்தில் கட்ட வேண்டும். அடுத்து 2 லட்சம் கடன், அதை 30 மாதத்தில் கட்ட வேண்டும்.

கவனியுங்கள். படிக்கும் காலம் ஐந்து நாள். கடன் அடைக்கும் காலம் நாற்பத்தெட்டு மாதம்!

நாம் ஒரு எளிய கேள்வி கேட்கிறோம். பயிற்சிக்கு வருகிறவருக்குத் தொழில் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், பரம்பரையாகச் செய்த வேலையில் ஐந்து நாளில் அவருக்கு எதைப் புதிதாகச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறீர்கள்? தெரியாது என்றால், ஐந்து நாளில் எந்த வேலை கைக்கு வரும்?

பானையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண் எடுத்து, கல் பொறுக்கி, நீர் தெளித்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவதே ஒரு படிப்பு. சக்கரத்தில் வாயும் கழுத்தும் வந்துவிட்டால் பானை ஆகிவிடாது. அடிப்பாகம் திறந்திருக்கும். உள்ளே கல்லை அணைத்துக்கொண்டு, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். ஒரு தட்டு ஓங்கிப் போனால் விரிசல். நிழலில் காயவைக்க வேண்டும். சூளையில் நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு அறிய வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வருஷக்கணக்கில் உடைத்த பானைகளில் இருக்கிறது.

தறியைப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வது ஒருவர் வேலை அல்ல. உடலுக்கும் இரு கரைக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிய வேண்டும். பாவு ஓட்டுபவர், இழை பிணைப்பவர், வீட்டில் இருந்து தார் சுற்றும் பெண் என்று எத்தனை கைகள்! இந்தக் கைகளின் வித்தைக்கு நாற்பது மணி நேரம் என்று சீட்டு ஒட்ட யாருக்குத் துணிச்சல் வந்தது?

பஞ்சாலைத் தோழர்களே, இந்தக் கணக்கின் மறுபக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்றை நடத்தினார்கள். கிராமத்து ஏழை வீட்டுப் பெண் குழந்தைகளை அழைத்து வந்து விடுதியில் அடைத்து, "மூன்று வருஷம் பயிற்சி, முடிந்ததும் கல்யாணத்துக்கு ஒரு தொகை" என்றார்கள். அறுந்த இழையைச் சேர்க்கவும், கோன் மாற்றவும் அந்தப் பெண்கள் சில வாரங்களில் கற்றுக்கொண்டார்கள். முழு வேலை செய்தார்கள். ஆனால் பெயர் மட்டும் அப்ரெண்டிஸ்! ஏன்? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கு என்று 1981-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 'பயிலுநர்' என்று பெயர் சூட்டிவிட்டால் நிரந்தரமும் வேண்டாம், முழுக் கூலியும் வேண்டாம் என்பது முதலாளியின் கணக்கு.

சில வாரத்தில் வரும் வேலைக்கு மூன்று வருஷப் பயிற்சி! பல வருஷத்தில் வரும் வேலைக்கு ஐந்து நாள் பயிற்சி! இது என்ன விந்தையான கடிகாரம்?

விந்தை ஒன்றுமில்லை. ஆலையில் 'பயிற்சி' நீண்டால் கூலி குறையும், ஆகவே நீள்கிறது. கிராமத்தில் 'பயிற்சி' நீண்டால் சர்க்காருக்குச் செலவு கூடும், ஆகவே குறுகுகிறது. வேலையின் தன்மை கடிகாரத்தை ஓட்டவில்லை, பணப்பை ஓட்டுகிறது. தொழிலாளியின் கைத்திறன் எவ்வளவு காலத்தில் வளருகிறது என்பதைத் தொழிலாளி சொல்ல வேண்டும். இங்கே அவனைத் தவிர எல்லோரும் சொல்லுகிறார்கள்.

இன்னொரு விஷயம். திட்டத்தின் வார்த்தைகளைப் படித்துப் பாருங்கள். 'குரு-சிஷ்ய பரம்பரை', 'குடும்ப வழித் தொழில்' என்று அழகான பெயர்கள். தகப்பன் செருப்புத் தைத்தால் மகன் செருப்புத் தைக்க வேண்டும், தாய் துணி வெளுத்தால் மகள் துணி வெளுக்க வேண்டும் என்பதற்கு இது மெருகேற்றிய பெயர் அல்லவா?

தமிழ்நாடு இந்தப் பாடலை முன்பே கேட்டிருக்கிறது. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம். மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குலக் கல்வி. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டது. அன்று குழந்தையிடம் சொன்னதை எழுபது வருஷம் கழித்து 18 வயது நிரம்பியவனிடம் சொல்லுகிறார்கள். 18 வயது என்பது கல்லூரி வாசலில் நிற்கும் வயது!

குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு சர்க்கார் கேட்டது. மத்திய சர்க்கார் இணங்கவில்லை. 2024 நவம்பரில், இந்த வடிவில் அமல் செய்ய மாட்டோம் என்று தமிழ்நாடு எழுதிற்று. 2025-ல் 25 தொழில்களுக்குத் தனித் திட்டம் கொண்டு வந்தது; சாதி, குடும்ப நிபந்தனை இல்லை. அது சரியான காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதிலும் பிரதானமானது 3 லட்சம் வரை கடனும், 50,000 ரூபாய் வரை மானியமும்தான். கடன் கூலி ஆகாது, தோழர்களே! விற்காத பானைக்கு வட்டி கட்டத்தான் கடன் உதவும்.

அப்படியானால் கைத்தொழிலைக் கற்றுக்கொள்வதையே நாம் எதிர்க்கிறோமா? இல்லை. நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைகள் நடக்கின்றன. ஆபீஸ் வேலைக்காரர்கள் கட்டணம் கட்டி, இரண்டு மணி நேரம் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கிறார்கள். கூடை பின்னிப் பார்க்கிறார்கள். கையில் சேறு படட்டும். நல்லதுதான். கோணலாக ஒரு கிண்ணம் செய்து பார்த்தவனுக்காவது, பானையை விலை பேசும்போது நாக்குக் கூசும். உழைப்பின் அருமை கையால் தெரிந்தால்தான் மூளைக்கு ஏறும். நமது ஆலைத் தோழனுக்கும், நடவு முடித்து வரும் நமது சகோதரிக்கும் அந்த ஓய்வும் அந்த இன்பமும் வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்போம். அந்தக் கட்டணத்தில் சக்கரத்தருகே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவருக்கு எவ்வளவு? இடத்துக்காரருக்கு எவ்வளவு? விளம்பரக்காரருக்கு எவ்வளவு? கற்றுக்கொடுப்பவர் வாத்தியார் என்றால் வாத்தியாருக்குரிய சம்பளம் கொடு. வேடிக்கை காட்ட ஒரு கிழவரைக் கூட்டிவந்து டீயும் பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்புவது கலை வளர்ப்பு ஆகாது, அது சுரண்டல்!

இனி, கற்றுக்கொடுக்கிறோம் என்பவர்கள் இந்தத் தொழில்களுக்குச் செய்தது என்ன? கைத்தறி இந்த 18 தொழில்களில் இல்லை. ஆனாலும் அதன் கதையே மற்றதற்கும் கண்ணாடி. 1985-ல் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. ஆலைகள் விற்பனைக்குக் கட்டும் நூலில் ஒரு பகுதியைக் கைத்தறிக்குச் சிட்டமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கு 50 சதவிகிதமாக இருந்தது. 2003-ல் 40 ஆயிற்று, 2019-ல் 30 ஆயிற்று. நெசவாளியும் கைவினைஞரும் குறை சொல்ல ஒரு மேடையாக இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் கைவினை வாரியத்தையும் 2020-ல் ஊரடங்குக் காலத்தில் கலைத்தார்கள். நூலைக் குறைத்தாய், ஒதுக்கீட்டைக் குறைத்தாய், வாரியத்தைக் கலைத்தாய். இப்போது கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வருகிறாயா?

சர்க்காரின் சொந்தக் கணக்கையே எடுப்போம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று வந்தது. பயிற்சிக் கூடத்தில் பத்து நாள் உட்கார்ந்தால் கிடைக்கும் உதவித் தொகை 5,000 ரூபாய். ஒரு குடும்பமே மாதம் முழுவதும் கால் மிதித்து, தார் சுற்றி, கண் பூத்துச் சம்பாதிப்பது அதற்கும் குறைவு! அதாவது, வேலை கற்கிறவனுக்கு இருக்கும் விலை வேலை செய்கிறவனுக்கு இல்லை. இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

"இயந்திரம் வந்துவிட்டது, பழைய தொழில் போனால் போகட்டுமே" என்று சில தோழர்கள் சொல்லலாம். நாம் இயந்திரத்துக்கு விரோதி அல்ல. முதுகை ஒடிக்கும் வேலையை இயந்திரம் ஏற்கட்டும். சேற்றிலும் சாக்கடையிலும் மனிதன் இறங்காதிருக்கட்டும். ஒரு தொழிலை விட்டுப் போக நினைப்பவன் தலை நிமிர்ந்து போக வழி வேண்டும். ஆனால் பட்டினி போட்டுத் துரத்துவது முன்னேற்றம் அல்ல. நமது அறுவடைக்கு அரிவாள் அடித்தவனும், தூற்ற முறம் பின்னியவளும், நமது ஆலை நூலை வாங்கி நெய்தவனும் நம் வர்க்கத்தார்தான். அவர்கள் தனித்தனியாக வீட்டுத் திண்ணையில் இருப்பதால் அவர்கள் குரல் கேட்பதில்லை. ஆயிரம் பேராக ஆலையில் நிற்கும் நாம் அவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

நாம் கேட்பது இவை:

கைவினைஞர் ஒவ்வொருவருக்கும் வேலைக்கு ஏற்ற குறைந்தபட்சக் கூலியும், முதுமையில் பென்ஷனும் வேண்டும்.

மண், மூங்கில், கோரை, நூல் ஆகியவை தடையின்றி நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

செய்த பொருளைக் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியும் ஆஸ்பத்திரியும் சர்க்கார் ஆபீசும் அங்கேயே வாங்க வேண்டும்.

பயிற்சி வேண்டுமென்றால் உண்மையான பயிற்சி வேண்டும்: தேர்ந்த தொழிலாளியே ஆசிரியர், அவருக்கு ஆசிரியர் சம்பளம், கற்பவருக்குக் கற்கும் காலம் முழுவதும் ஊதியம்.

எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம். எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலிலும் கட்டிப் போடப்படக் கூடாது.

உங்கள் ஊரில் அடுத்த பயிற்சி விழா நடக்கும்போது போங்கள். சர்ட்டிபிகேட் வாங்கும் பெரியவருக்கு நீங்களும் கை தட்டுங்கள். அவர் அதற்கு உரியவர். கை தட்டி முடித்ததும் எழுந்து நின்று, மேடையில் இருப்பவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ஆறாவது நாள் கூலி எங்கே?"