பள்ளிக் கூட்டமும் பட்டுவாடா நாளும்

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்குள் ஒருமுறை நடந்து சென்ற அங்கத்தினர்கள் அதன் அமைப்பைக் கண்டு வியந்திருப்பார்கள். நிழல் தரும் சாலைகள், வீட்டிற்குத் தொலைவில்லாத பள்ளிகள், விளையாடத் திடல், நோய் கண்டால் செல்ல ஆஸ்பத்திரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரிய பொருளிலிருந்து இத்தனையும் விளைந்தது என்றால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். 1956 நவம்பரில் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சுரங்கத்தோடு நகரியமும் வளர்ந்தது. தொழிலாளி செம்மையாக வேலை செய்ய வேண்டுமானால் அவனுடைய பிள்ளையின் படிப்பும் உடல்நலமும் கவனிக்கப்பட வேண்டும் என்னும் கருத்து அந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் நகரியத்திற்கு வெளியே வாழ்பவர்கள். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்பவர்கள், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வளர்ப்பவர்கள், சேத்தியாத்தோப்பு வரையில் நெல் விளைவிப்பவர்கள். சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இறங்கி, இன்கோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் பதிந்தவர்களின் குடும்பங்களும் இவ்வூர்களில் உண்டு. இவர்களுடைய குழந்தைகளில் மிகப் பலர் செல்வது ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கோ, அரசு உயர்நிலைப் பள்ளிக்கோதான். அந்தக் குழந்தையின் படிப்பையும் பசியையும் கண் பார்வையையும் மனக்கவலையையும் ஒருங்கே கவனிப்பவர் யார் என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். பள்ளியில் சோறு போடும் வழக்கத்தில் நம் மாநிலம் முன்னோடி. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாதிருப்பதைப் பார்த்து வளர்ந்த இப்பகுதி மக்களுக்கு, பசித்த வயிற்றுக்கு முதலில் சோறு என்பது புதிய செய்தியன்று. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை ஊர் மக்களே ஏற்றனர். 1958 முதல், கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. ஒருவர் நிலம் கொடுத்தார்; ஒருவர் பெஞ்சு கொடுத்தார்; ஒருவர் கடிகாரம் கொடுத்தார். கொடுத்தவர்கள் பிறகு அந்தப் பள்ளியின் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சைக் காட்டிலும் அந்த எட்டிப் பார்த்தலே பெரிய லாபம் என்பது நமது அபிப்பிராயம்.

அதன்பின் திட்டங்கள் பெருகின. 1982-இல் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவு, 1985 முதல் இலவசச் சீருடை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலமெங்கும் பரவிய காலை உணவு. சீருடைத் துணியை நெய்வது நம்மவர். அதைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். காலை உணவைக் கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் அதே பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் தாய்மார்கள். இரத்தசோகைக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, மருத்துவக் குழுவின் பரிசோதனை என எல்லாம் ஏற்பட்டிருக்கின்றன. ஒரு குழந்தையின் உடலைத் தொடும் உடை, வயிற்றை நிரப்பும் உணவு இரண்டிலும் நம் கைகள் இருக்கின்றன. எனினும் அக்குழந்தையின் பள்ளிக் கூட்டத்தில் நாம் இருப்பதில்லை!

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022-இல் நம் மாநிலத்தில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பெரும்பாலான இடங்களில் ஒரு தாயே தலைவி. கூட்டுறவாளர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமானதா? உறுப்பினர் கூடித் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, தீர்மானப் புத்தகம், வரவு செலவு வாசித்தல் எல்லாம் நமக்குப் பழகியவையே. வேறு எவரையும்விட இதனைத் திறம்பட நடத்தத் தகுதியுள்ளவர்கள் நாமே.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய கூட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். தலைவியாகிய அம்மாள் வந்திருந்தார். உடன் நான்கு பேர். தீர்மானம் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் எங்கே என வினவினோம். தலைமையாசிரியை தயங்கியபடியே விடை கூறினார்: அன்று சங்கத்தில் நூல் கொடுத்து, துணி வாங்கி, கூலி பட்டுவாடா செய்யும் நாளாம். ஆடவர் துணி மூட்டையுடன் சங்கத்தில் வரிசையில் நிற்க, பெண்டிர் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தனர். நமக்கு நாணமாயிருந்தது. கூட்டத்தைக் கெடுத்தது பள்ளியுமன்று, பெற்றோருமன்று. நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் நாட்காட்டிதான்.

அன்று பேசப்பட்டிருக்க வேண்டியவை அற்ப விஷயங்களா? காலை உணவு ஏற்பட்டது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக. ஆறாம் வகுப்பிற்கு ஏறிய சிறுமிக்குப் பசி மட்டும் வகுப்போடு முடிந்துவிடுமா? விடியலில் தார் சுற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து, மூன்றாம் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று எழுதிவிடுவது எளிது. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் சிறுவனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று வீட்டிற்கு எவர் சொல்வது? மனத்தின் கதையோ இன்னும் நுட்பமானது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களினூடே இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. நிலம் யாருடையது, ஈடு போதுமா என்னும் வழக்குக்குள் இங்கு நாம் புகவில்லை. அந்தக் காட்சியை வரப்பில் நின்று பார்த்த பிள்ளை மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஆசிரியருக்கு அறிவிக்கவும், வகுப்பில் அது எப்படியிருக்கிறது என்பதைத் தாய்க்கு அறிவிக்கவும் ஒரு பாலம் வேண்டாமா? பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பெட்டிக்குக் காது கிடையாது.

சங்கம் நூலையும் நெல்லையும் பார்த்துக்கொள்ளட்டும், பள்ளியைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூறும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ராச்டேல் முன்னோடிகளை நினைவூட்டுகிறோம். 1844-இல் ஒரு சிறு கடை திறந்த அந்த நெசவாளரும் தொழிலாளரும், சில ஆண்டுகளுக்குள் உபரியில் 100-க்கு 2½ பங்கை அங்கத்தினரின் கல்விக்கென ஒதுக்கினார்கள், வாசகசாலையும் நடத்தினார்கள். மாவும் வெண்ணெயும் விற்றவர்களுக்கு அது வீண் வேலையாகத் தோன்றவில்லை.

பெரும்பணம் செலவழிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பட்டுவாடா நாளும் கொள்முதல் நாளும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று விழாதபடி சங்கக் காரியதரிசி தலைமையாசிரியரிடம் தேதியைக் கேட்டு அறிவிப்புப் பலகையில் எழுதினால் போதும். குழுவில் உறுப்பினராயுள்ள நெசவாளித் தாய் கூட்டத்திற்குச் சென்ற அரைநாள் காரணமாகத் துணி ஒரு நாள் தாமதமாகுமானால், அதற்காக அவருடைய கூலியில் கை வைக்கலாகாது. பொது நன்மை நிதி உள்ள சங்கங்கள், கண் பரிசோதனையில் குறை கண்ட அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கண்ணாடியும், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்குக் காலையில் ஒரு கைப்பிடிச் சுண்டலும் வழங்க இயலுமா என்று ஆராயலாம். பயறு விளைவிக்கும் அங்கத்தினர்கள் அறுவடைக்குப்பின் ஆளுக்கு ஒரு படி அளந்தால் சுண்டல் ஒரு பருவத்திற்குக் காணும் என்பது நம் கணக்கு, தவறிருந்தால் திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தலைவியின் கணவரோ, சங்கத்து இயக்குநரோ சென்று நாற்காலியில் அமர்ந்து ‘அவர் சார்பில்’ பேசுவதாயின், இந்த ஏற்பாடு முழுவதும் வீண். கேள்வி கேட்க வேண்டியவர் அந்தத் தாய். அவருக்குத் தீர்மானப் புத்தகத்தைப் படிக்கவும், தாமே எழுதச் சொல்லவும் பழக்க வேண்டும். நம் மகளிர் சங்கங்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்மணிகள் ஒரு மாலை உடனிருந்து காட்டிக்கொடுத்தால் போதும்.

சங்கங்களின் அடுத்த மகாசபைக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் நிர்வாகக் குழுவினர், ‘பள்ளிக் கூட்ட நாளில் பட்டுவாடா இல்லை’ என்னும் ஒருவரித் தீர்மானத்தைப் பங்காதாயப் பங்கீட்டிற்கு முன்னதாகவே வைக்கக் கோருகிறோம். பங்காதாயம் முடிந்தபின் கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.