வாசவி கதையும் மன்னனைத் தேடும் ஆய்வும்

ஆந்திரத்து ஆரிய வைசியர் எனப்படும் கோமுட்டி வணிகரின் தோற்றத்தை ஆராய்வோர் சிலர், வாசவி கன்னிகா பரமேசுவரி கதையில் வரும் விஷ்ணுவர்த்தனன் எம்மன்னன் என்று துருவுவதிலேயே முனைந்து நிற்கின்றனர். இம்முயற்சி பயனற்றது. 7ஆம் நூற்றாண்டு முதல் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியருள் அப்பெயர் பூண்டோர் பலர். வேண்டியவரைத் தெரிந்துகொள்ள இடந்தரும் பெயர், காலத்தை நிறுவும் சான்றாதல் யாங்ஙனம்?

கதை கூறுவது வேறு. மன்னன் வாசவியை மணக்கக் கேட்கிறான், 714 கோத்திரத்தாருள் 102 கோத்திரத்தாரே கோதாவரிப் பகுதியின் பெனுகொண்டாவில் அவளுடன் தீப்பாய்கின்றனர், ஏனையோர் விலகுகின்றனர். இன்றும் இவர்கள் தம் கோத்திரங்களை 102 என்றே எண்ணுவர். தாய்மாமன் மகளை மணக்கும் ‘மேனரிகம்’ இவர்களிடையே கண்டிப்பான முறையாக இருந்தமையை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் பதிவு செய்கிறது. எவருக்குப் பெண் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்பதே இக்கதையின் வழக்கு; அவ்வழக்கிற்கு உயிரை ஈடாக வைத்தவள் ஒரு கன்னி. ‘கன்யகா’ பாடிய குரஜாட அப்பாராவ் அவளைக் கண்டார். ஆய்வாளர்க்கோ மன்னன் மட்டுமே தென்படுகிறான்!

நகரத்தார் பூம்புகாரை நீங்கிய கதையிலும் வணிகர்குலப் பெண்டிரை முன்னிட்டே அரசனோடு பகை மூள்கிறது. அங்கும் அச்சோழன் யாவன் என்ற தேடலே நடக்கிறது.