எழுபதில் ஒரு வகுப்பு கூடுகிறது



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். “டீச்சர், நாங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல 1968ல ஆறாம் வகுப்பு முடிச்சவங்க. 2026ல எல்லாருக்கும் எழுபது வயசு. ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். நீங்கதான் கூட இருந்து எழுதிக் கொடுக்கணும். உங்க அம்மாவும் எங்க வகுப்புதானே?” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “முதல்ல பசியாறுங்க, அப்புறம் பேசலாம்” என்றார்.

நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் மண்டப வாடகை. அடுத்த பக்கத்தில் பொன்னாடை, மாலை, ஒலிபெருக்கி. கூடப் படித்தவர்கள் எங்கே என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயர்! பழைய மாணவர் கூட்டம் என்றாலே பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஆளைத் தேடுங்கள், மண்டபம் பிறகு கிடைக்கும்.

ஆளைத் தேடுவது இன்று எளிதல்ல. 1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 500க்குச் சற்று மேல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்துச் சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறிப் போனார்கள். எங்கள் பள்ளி இடம் மாறியும் பிழைத்துக் கொண்டது; அதனால் பழைய சேர்க்கைப் பதிவேடும் பிழைத்தது. உங்கள் பள்ளி மூடப்பட்டிருந்தால், பிள்ளைகளையும் ஏடுகளையும் எந்தப் பள்ளிக்கு மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். தலைமையாசிரியரின் அனுமதி கேட்டுப் பாருங்கள். பெண்பிள்ளைகளைத் தேடும்போது தகப்பனார் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். “எத்தனையாவது லயம்? யார் மகள்?” என்றால் பழைய ஆயாக்கொட்டகை ஆயாவுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் நல்ல சந்தர்ப்பம். ஆனால் கூட்டத்தை அன்றைக்கே வைத்துக்கொள்ளாதீர்கள். காவடிக்கும் அன்னதானத்துக்கும் நடுவே யார் யாரிடம் பேச முடியும்?

எங்கள் பதிவேட்டில் அந்த வகுப்புக்கு 23 பெயர்கள். பதினான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் நான்கு பேரில் ஒருத்தியின் பெயரைப் பார்த்ததும் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

மே 13 கலவரம் நடந்த அந்த 1969ஆம் ஆண்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. அம்மாவின் தோழி குடும்பமும் 1970இல் பினாங்கில் ராஜுலா கப்பல் ஏறியது. பிறகு சில ஆண்டுகள் நீலநிற வான்கடிதம் வந்தது, அதுவும் நின்றது. கடைசிக் கடிதத்தின் முகவரி முசிறிப் பக்கம் ஒரு கிராமம். கிடைக்குமா என்ற சந்தேகத்தோடுதான் எழுதிப் போட்டேன். ஐந்து வாரம் கழித்து, பேரனின் கைப்பேசியிலிருந்து அந்த அம்மாவே பேசினார்.

வர முடியாது, முழங்கால் போய்விட்டது என்றார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். “அவசரத்துல கிளம்புனோம் தாயி. ஸ்கூல் சர்டிபிகேட் வாங்கலை. இங்க காகிதம் இல்லேன்னு பள்ளிக்கூடத்துல சேத்துக்கலை. களையெடுக்கப் போயிட்டேன். அந்தக் காகிதம் அங்க இருக்குமா?”

சான்றிதழ் இல்லை. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. அவர் இங்கே ஆறாம் வகுப்பு முடித்தார் என்று உறுதிக் கடிதம் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். எழுபது வயதில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இனி, பணக் கதை. பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தலைக்கு 100 வெள்ளி. யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஜாகா வேலை பார்க்கும் ஒருவர், தம் பெயருக்கு முன் 20 வெள்ளி என்று வாசிக்கப்பட்டதும் எழுந்து போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதனால் எங்கள் கூட்டத்தில் பெயரெழுதாத உறைதான். வாசலில் ஒரு தகர டின். போட முடிந்தவர் போடட்டும், கணக்கு மட்டும் எல்லோருக்கும் காட்டப்படும். பெரியவர் முதலில் முகம் சுளித்தார். “கொடுக்கிறவனுக்கு மரியாதை வேணாமா?” என்றார். அம்மாதான் அவரைச் சமாதானப்படுத்தினார்.

மற்றதெல்லாம் சில்லறை விவரம்தான். எழுபது வயதுக்காரர்கள், ஆகவே இரவுக் கூட்டம் வேண்டாம். மாடி மண்டபம் வேண்டாம். கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், நாற்காலிக்குச் சாய்வு இருக்க வேண்டும். பாதிப்பேருக்கு இனிப்பு நீர். பாயசத்தைக் குறைத்து, பகல் 12 மணிக்கே இலை போட்டுவிடுங்கள், மருந்து நேரம் தப்பக்கூடாது. கூட்டிவரும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமையுங்கள். சட்டையில் குத்தும் அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே பழைய லயத்து எண்ணையும் போடுங்கள். முகம் மாறிப் போயிருக்கும் அல்லவா? மேடைப் பேச்சு அறவே வேண்டாம் என்பது என் கட்சி. பெரியவர் ஐந்து நிமிடம் கேட்கிறார். மூன்று தருவதாக இருக்கிறேன்.

இன்னும் மூன்று பேர் கிடைக்கவில்லை. ஒருவர் சிங்கப்பூரில் லாரி ஓட்டினார் என்று கேள்வி. அடுத்த வாரம் ஜொகூர் பாருவில் அவருடைய தங்கை வீட்டுக்குப் பெரியவரும் அம்மாவும் பஸ்ஸில் போகிறார்கள். உறுதிக் கடிதத்தை நாளை அஞ்சலில் சேர்க்க வேண்டும். பதிவு அஞ்சலில் அனுப்பும்படி அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார்.