எக்ஸ்-ரே அறையை யார் கண்காணிக்கிறார்கள்?

ஆபீஸ் மெடிக்கல் செக்கப். "மூச்சைப் பிடிங்க"ன்னு ஒரு குரல், ஒரு நொடி, முடிஞ்சது. அந்த மெஷினுக்கு உரிமம் இருக்கான்னு நாம கேட்டிருப்போமா?

கேட்க வேண்டியது அரசு. எந்த அரசு என்பதுதான் சிக்கல். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில். அணுசக்தி மத்தியப் பட்டியலில். உரிமம் தருவது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அங்கிருந்து தெருவுக்குத் தெரு போய்ப் பார்க்க முடியுமா? அதனால் ஒவ்வொரு மாநிலமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்க வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2012-ல் சிஏஜி எண்ணிப் பார்த்தபோது, அமைத்திருந்தவை கேரளாவும் மிசோரமும் மட்டுமே. 57,443 மருத்துவ எக்ஸ்-ரே மையங்களில் 52,173 பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. 91%! பதிவில்லை என்றால் மெஷின் பழுது என்று அர்த்தமில்லை. ஆனால் பழுதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்றில் நமக்குக் கிடைப்பது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை. தினமும் அங்கேயே இருக்கும் டெக்னீஷியனையும், மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்பவரையும் யோசியுங்கள். பொதுமக்களுக்கான வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட். சுவரின் தடிமன், கதவின் ஈயத்தகடு, மெஷினின் கசிவு, டெக்னீஷியன் சட்டையில் டோஸ் அளக்கும் பேட்ஜ் என எல்லாமே நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை. உள்ளூரில் ஒரு இயக்குநரகம் தேவைப்படுவது இதற்குத்தான்.

அடுத்த முறை ஸ்கேன் சென்டரில் காத்திருக்கும்போது, வாரியத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால், படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.