அபூர்வ நோய் என்றால் அநாதை நோயா?

"சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் அல்ல" என்று டாக்டர் சொன்னால் எந்தக் குடும்பமும் நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் அந்தக் கட்டி மண்டையோட்டின் அடிப்பாகத்தில், பார்வை நரம்பை நெருக்கிக்கொண்டு வளர்ந்தால்? அப்போது "சாதாரணம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

எலும்பில் தோன்றும் ராட்சத அணுக் கட்டியைத்தான் குறிப்பிடுகிறோம். பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய எலும்புகளில் வருவது அது. மண்டையோட்டில் வருவது மிக அபூர்வம். வந்துவிட்டாலோ தலைவலி, இரட்டைப் பார்வை, காது மந்தம், சிலருக்குப் பார்வையே பறிபோகும் ஆபத்து! 20 வயது முதல் 40 வயதுவரை உள்ளவர்களையே இந்தக் கட்டி அதிகம் தாக்குகிறது. தறியிலும் லாரியிலும் கட்டடச் சாரத்திலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிற வயது அது!

ஆபரேஷன் செய்து அகற்றுவதே முதல் வைத்தியம். ஆனால் மண்டையோட்டின் அடியில் நரம்புகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே கட்டியை முழுதும் எடுப்பது பல சமயம் முடியாத காரியம். அத்தகைய நோயாளிகளுக்குத் துணையாக வந்திருப்பது டெனோசுமாப் என்ற ஊசி மருந்து. ஆபரேஷனுக்கு இடம் கொடாத ராட்சத அணுக் கட்டிக்கு இதைக் கொடுக்கலாம் என்று 2013-ல் அமெரிக்கா அனுமதித்தது.

எலும்பைக் கரைப்பவை ராட்சத அணுக்கள். அவற்றைக் கூவி அழைக்கும் மேஸ்திரி போன்ற வேறோர் அணு கட்டிக்குள் இருக்கிறது. மேஸ்திரியின் கட்டளை போய்ச் சேராமல் தடுப்பதே இந்த மருந்தின் வேலை. அரிப்பு நிற்கிறது, எலும்பு மீண்டும் இறுகுகிறது. ஆனால் மேஸ்திரி சாகவில்லை! ஊசியை நிறுத்தினால் கட்டி மறுபடி தலைதூக்கக்கூடும். 120 மில்லிகிராம் வீதம் முதல் மாதத்தில் மூன்று ஊசி, பின்னர் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று தொடர வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறையாமலும் தாடை எலும்பு கெடாமலும் டாக்டர்கள் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே, கடன் வாங்கி மூன்று ஊசி போட்டுவிட்டு, நாலாவதற்குக் காசில்லாமல் நிற்பது வைத்தியமாகாது. தாலியை அடகு வைத்து எத்தனை மாதம் ஓட்ட முடியும்?

"அபூர்வ நோய்க்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பார் உண்டு. நோயாளிகள் சிலரே என்றால் சர்க்காருக்கு ஆகும் செலவும் குறைவுதானே! கோடிப் பேருக்கு வந்தால் பணமில்லை என்பது, சிலருக்கு வந்தால் அவசியமில்லை என்பது — இது என்ன நியாயம்?

மருந்து விலை முதலாளியின் கருணையால் இறங்குவதில்லை. சட்டத்தாலும் போட்டியாலும்தான் இறங்கும். மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் இல்லை என்று 1970-ல் இந்தியா இயற்றிய சட்டமே நம் மருந்துத் தொழிலை வளர்த்தது. 2005-ல் அந்தப் பாதுகாப்பு பறிபோனது. அப்படியும், 2012-ல் கட்டாய லைசென்ஸ் கொடுத்ததும், மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைத்ததே! இன்று டெனோசுமாபுக்கு நிகரான மருந்தை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. தனித்தனி நோயாளி கடைவாசலில் நின்றால் கம்பெனி சொன்னதே விலை. சர்க்கார் மொத்தமாக வாங்கினால் சர்க்கார் பேசுவதே விலை.

நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஊசி தடையின்றிக் கிடைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இலவசமாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதட்டும். கூலிக்காகப் போராடும் சங்கம், கூலி வாங்கும் தோழனின் கண்ணுக்காகவும் போராட வேண்டும். மருந்து இருந்தும் பார்வை போனால், அதற்கு விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்சியைத்தான் கேட்க வேண்டும்!